படிக்கட்டுக்குள் ஒரு கரும்புள்ளி

புதுப் பெட்டி வந்ததும் அதே நிமிடம் பிய்த்துத் திறப்பவர்கள் ஒரு ரகம். திறக்காமல் வைத்துக்கொண்டு அதையே சுற்றிச் சுற்றி வருபவர்கள் இன்னொரு ரகம். நம்ம கறார் மேடம் சந்தேகமே இல்லாமல் இரண்டாவது ரகம். முந்தின நாள் சாயங்காலம் வந்த பெட்டி சாப்பாட்டு மேசையை முழுசாக அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் அந்த அம்மாள் வந்து அதைத் தூக்கினார், காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினார், முகமெல்லாம் சிரிப்பாக வைத்துவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் இது நான்காவது தடவை.

"குலுக்கிக் குலுக்கியே உள்ள இருக்கிறதைப் பொடியாக்கிடுவ போல" என்றார் கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். தினமும் யார் யார் கையிலோ உயிரை ஒப்படைத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பழகியவர் என்பதால், எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர்.

"மொத்தம் இருபத்திரண்டு பை இருக்குங்க. பெரிய பை அடியில கிடக்கு, சத்தத்திலயே தெரியுது. நீங்க தொட்டுடாதீங்க."

"நான் ஏன் தொடுறேன். டீ கிளாஸ் வைக்க ஒரு இடம் கிடைக்குமான்னு பார்த்துட்டிருக்கேன்."

பெட்டிக்குள் இருந்தது வைரமும் இல்லை, வைடூரியமும் இல்லை. தலையில் குமிழ் வைத்து, ஒன்றோடொன்று அழுத்திப் பொருத்துகிற பிளாஸ்டிக் கற்கள். ஆமாம், குழந்தைகள் விளையாடுவார்களே, அதேதான். ஆனால் இது மூவாயிரத்துச் சொச்சம் கல்லும் இருநூறு பக்கப் புத்தகமும் கொண்ட செட். கட்டி முடித்தால் கண்ணாடிக் கூரை போட்ட ஒரு செடிக்கூடம் எழும்பி நிற்கும். இதுவரை எந்த செட்டிலும் வராத வளைந்த கண்ணாடிப் பலகை இதில் முப்பத்தாறு இருக்கிறது என்று செய்தி வந்த நாளிலிருந்து மேடத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதிதாக ஒரு வடிவக் கல் வந்திருக்கிறது என்றால் மற்றவர்களுக்கு என்ன தெரியும்? அதை எதனோடு சேர்க்கலாம், எதைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தலாம் என்று அந்த அம்மாள் பஸ்ஸில் உட்கார்ந்து விரலாலேயே காற்றில் கட்டிப் பார்த்துக்கொண்டு போவார். பக்கத்து இருக்கைக்காரர்கள் சற்றுத் தள்ளி உட்காருவார்கள்.

இந்தப் பைத்தியம் வீட்டோடு சரி. சொந்தக்காரர்கள் தவிர, வெளியே ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. காரணம் நாத்தனார். பல வருடங்களுக்கு முன் அந்த மகராசி, பின்னறையை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இதெல்லாம் யாருக்கு?" என்று கேட்டாள். "எனக்குத்தான்" என்று வெகுளியாகச் சொன்னதும், சிரித்தாள் பாருங்கள், ஒரு சிரிப்பு. புரையேறும் வரை சிரித்தாள். அதோடு விட்டாளா? சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து யார் வந்தாலும் பின்னறை பூட்டித்தான் இருக்கும். கேட்டால், துணி காய்கிறது.

அந்தச் சிரிப்பு வேலை செய்யும் இடத்தில் கேட்டுவிடக் கூடாது என்பதுதான் மேடத்தின் பயமெல்லாம். ஏனென்றால் அங்கே அவர் வேறு ஆள். விமான நிலையத்தில் பயணிகளின் பைகளை எக்ஸ்ரே திரையில் பார்த்து அனுப்புகிற வேலை. இருபத்தொரு வருடமாக அதே நாற்காலி. பையில் எது எந்தப் பக்கம் திரும்பிக் கிடந்தாலும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். நிலையத்தின் பெரிய அதிகாரி வைத்திருந்த மீசைக் கத்திரியையே நீளம் அதிகம் என்று எடுத்துக் குப்பையில் போட்டவர். கறார் என்ற பட்டம் சும்மா வந்துவிடவில்லை. அவர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தால் சண்டைக்கு வந்த பயணியும் பெல்ட்டைக் கழற்றி ட்ரேயில் வைத்துவிடுவான். இந்த அம்மாள் வீட்டில் பொம்மைக்கல் அடுக்குகிறார் என்று தெரிந்தால் அப்புறம் எவன் பெல்ட்டைக் கழற்றுவான்?

அன்றைக்கு வேலை இரண்டு மணியோடு முடிகிறது, மறுநாள் விடுமுறை. இரண்டரைக்கு முதல் பையை வெட்டலாம். இந்த நினைப்போடு திரை முன்னால் உட்கார்ந்திருந்த மேடம், எட்டு மணி வாக்கில் பெல்ட் மேல் வந்த ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் திரையில் பார்த்ததும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

அது ஒரு தபால் நிலையக் கட்டடம். முழுக்க முழுக்கப் பிளாஸ்டிக் கல். எக்ஸ்ரேயில் பிளாஸ்டிக் ஆரஞ்சு நிறமாகத் தெரியும். ஆரஞ்சில் மூன்று மாடி, மாடிக்குப் பத்து ஜன்னல், முதல் மாடியில் கடிதம் பிரிக்கிற அறை, அந்த அறையின் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடக்குழிகள். எண்ணிப் பார்த்தார், தொண்ணூற்றாறு. எந்த செட்டிலும் வந்ததில்லை. யாரோ தானே யோசித்துக் கட்டியது. ஜன்னல் வளைவுக்கு மேசைக்கால் கல்லைப் படுக்க வைத்திருந்தான் அந்தப் புண்ணியவான். நமக்கு இது தோன்றவில்லையே என்று ஒரு கணம் பொறாமையில் வயிறு எரிந்தது, மறுகணம் எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் அந்தப் புள்ளியைப் பார்த்தார். கடிதம் பிரிக்கிற அறையில் ஒரு குட்டி விளக்கு, கீழ்த்தளத்தில் அதற்கு ஒரு பட்டன் பேட்டரி, மெல்லிய வயர். அது சரி. ஆனால் வயர் போகிற வழியில், கீழ்த்தளப் படிக்கட்டுக்கு உள்ளே, அவரைக்கொட்டை அளவில் கோணல்மாணலாக ஒரு கரும்புள்ளி. உலோகம். கல் செட்டில் அப்படி ஒரு சாமானே கிடையாது என்பது அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பெல்ட் பட்டனை அழுத்தினால் பெட்டி அந்தப் பக்கம் போய்விடும், எவனும் கேட்கப் போவதில்லை. மனசு அழுத்து அழுத்து என்றது. ஆனால் விரல் இருபத்தொரு வருடப் பழக்கத்தில் பெல்ட்டை நிறுத்தியது.

பெட்டிக்குச் சொந்தக்காரர் நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒல்லியான மனிதர். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை என்று பிறகு சொன்னார்.

"படிக்கட்டுக்குள்ள என்ன வச்சிருக்கீங்க சார்?" என்று கேட்டார் மேடம்.

"படிக்கட்டுக்குள்ளயா? ஒண்ணும் இல்லயே மேடம்."

"உலோகம் இருக்கு."

"சத்தியமா எனக்குத் தெரியாது மேடம்."

அந்த வேலையில் இதைவிட மோசமான பதில் கிடையாது. பேட்டரி, வயர், பக்கத்தில் என்னவென்று தெரியாத ஒரு சாமான். சூப்பர்வைசர் வந்து திரையைப் பார்த்தார். நிதானமான மனிதர், அதிகம் பேசமாட்டார், அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம்.

"பிரிச்சுப் பார்க்காம அனுப்ப முடியாது. இல்லன்னா இங்கயே விட்டுட்டுப் போகட்டும்" என்றார்.

தபால்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "பதினாலு மாசம் சார். நாலாயிரத்து எண்ணூறு கல்லு. பதினோரு மணிக்கு இந்தக் கல்லு செய்யுற கம்பெனியில கொண்டுபோய்க் காட்டணும். எங்கள மாதிரி ஆளுங்க சொந்தமா செஞ்சதுல அஞ்சு பேரைக் கூப்பிட்டிருக்காங்க. பிடிச்சுதுன்னா அதையே செட்டா போட்டு எல்லா ஊர்லயும் விப்பாங்க சார். இதைப் பிரிச்சா என்னால அங்க போய்த் திரும்பக் கட்ட முடியாது."

"விமானம் எப்போ?"

"இன்னும் நாப்பது நிமிஷத்துல கதவை மூடிடுவாங்க."

மேடத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. அடுத்த வருடத்துப் புதுப் பெட்டி இதுவாக இருக்கலாம். அது இப்போது சோதனை மேசை மேல், பயில்வான் முன்னால் உட்கார்ந்திருந்தது. பயில்வான் என்பது மேசையில் பைகளைத் திறந்து பார்க்கும் ஊழியர். ஒரு காலத்தில் பளு தூக்கியவர், தங்கமான மனுஷன், ஆனால் விரல் ஒவ்வொன்றும் மூங்கில் கணு மாதிரி இருக்கும். அவர் ஆசையாகக் கூரையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழு இழுத்தார். உள்ளே எங்கோ கடக்கென்று ஒரு சத்தம். தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கையை எடுங்க."

கூடமே திரும்பிப் பார்த்தது. கறார் மேடம் நாற்காலியை விட்டு எழுந்து, திரையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு மேசைக்கு வந்துகொண்டிருந்தார்.

"அப்படி இழுத்தா முன்சுவர் மொத்தமா உதிர்ந்துடும். மாடி ஒவ்வொண்ணும் தனித்தனியா எடுக்கிற மாதிரிதான் கட்டியிருப்பாங்க. நாலு மூலையிலயும் பிடிச்சு நேரா மேல தூக்கணும்."

பயில்வான் வாயைப் பிளந்தார். சூப்பர்வைசர் மேடத்தை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேடத்துக்கு நாத்தனாரின் சிரிப்பு காதுக்குள் கேட்டது. "அப்புறம் சொல்றேன் சார். எனக்குப் பத்து ட்ரே வேணும்" என்றார்.

ட்ரேக்கள் வந்தன. கைப்பையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் நெம்பியை மேடம் எடுத்ததைப் பார்த்ததும் தபால்காரரின் கண் விரிந்தது. கல்லைக் கல்லிலிருந்து பிரிக்கிற கருவி அது. அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறவர் யார் என்பது அவருக்கு மட்டும் விளங்கியது.  மனிதர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றுகொண்டார்.

"கூரை ரெண்டே குமிழ்லதான் நிக்குதா?"

"நாலு மேடம். பின்பக்கம் ரெண்டு கூட."

"விளக்கு வயர்?"

"முதல் மாடியில கொக்கி மாதிரி மாட்டியிருக்கேன். இடது பக்கம் சாய்ச்சா வந்துடும்."

கூரை வந்தது. மூன்றாம் மாடி வந்தது. இரண்டாம் மாடி வந்தது. தொண்ணூற்றாறு மாடக்குழிகளும் ஒரு கல் அசையாமல் முழுசாக ட்ரேக்குள் இறங்கியபோது வரிசையில் நின்ற பயணி ஒருவர் தன்னை அறியாமல் பெருமூச்சு விட்டார். அப்புறம் கீழ்த்தளத்துப் படிக்கட்டு. இதற்கு மாடியைப் போல் சுலப வழி இல்லை, கல் கல்லாகத்தான் எடுக்க வேண்டும். மேடம் எடுத்த ஒவ்வொன்றையும் இடமிருந்து வலமாக வரிசையாக வைத்தார். ஒரு ட்ரே நிரம்பினால் அடுத்தது. கடைசியில் வைத்ததிலிருந்து பின்னோக்கி எடுத்தால் திரும்பக் கட்டிவிடலாம். புத்தகம் இல்லாமல் பிரிக்கும்போது அவர் வீட்டிலும் இப்படித்தான். பயில்வான் குறுக்கே கையை நீட்டி ஒரு கல்லை எடுத்துப் பார்த்தபோது, "வரிசை கலைஞ்சா உங்களைக் கலைச்சிடுவேன்" என்றார், தலை நிமிராமல். பயில்வான் கல்லை வைத்த கையோடு இரண்டடி பின்னால் போனார்.

ஏழாவது படியைத் தூக்கியதும் அதன் அடிக்குழிவில் கச்சிதமாகச் சிக்கிக்கொண்டு ஒரு சாமான் மின்னியது. மேடம் நெம்பியின் நுனியால் தட்டினார். டிக்கென்று ட்ரேயில் விழுந்தது. வெள்ளி நிறம், உள்ளே குழி, மேலே மேடு பள்ளம்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. மேடத்துக்குப் புரிந்துவிட்டது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எந்தப் பக்கத்துப் பல்லு சார்?" என்று கேட்டார்.

தபால்காரரின் நாக்கு கன்னத்துக்குள் ஓடி வலது கடைவாயைத் தொட்டது. முகம் செக்கச் சிவந்துபோனது. கடைவாய்ப் பல்லுக்கு மாட்டிய உலோக உறை அது. "அஞ்சு மாசம் முன்னாடி காணாம போச்சு மேடம். முழுங்கிட்டேன்னுதான் நினைச்சேன். டாக்டர் மூணு நாள் கவனிச்சுப் பாருங்கன்னு வேற சொன்னாரு. நானும் கவனிச்சேன்."

"பல்லால கடிச்சுக் கழட்டினீங்க."

"ஒரே ஒரு தடவை. ரெண்டு தட்டைக் கல்லு ஒட்டிக்கிட்டு வரவே இல்ல. நெம்பி பக்கத்து அறையில இருந்துது, எழுந்து போகச் சோம்பேறித்தனம்."

இந்தத் தப்பைச் செய்யாத கல்பைத்தியம் உலகத்தில் கிடையாது. பல்லால் கடிக்காதே என்று தனக்குத்தானே நூறு தடவை சொல்லிக்கொண்டு நூற்றியோராவது தடவை கடிப்பார்கள். மேடத்தின் முன்பல்லிலேயே ஓரத்தில் சின்னதாக ஒரு சில்லு போயிருக்கும். பாதாம் கொட்டை கடித்தது என்று அலுவலகத்தில் சொல்லி வைத்திருந்தார். இப்போது அவர் அந்தப் பல்லைத் தபால்காரருக்கு மட்டும் தெரிகிற மாதிரி லேசாகக் காட்டினார். அதைப் பார்த்ததும் அந்த மனிதர் சிரிக்க ஆரம்பித்தார், மேடத்துக்கும் அடக்க முடியவில்லை, விஷயம் காது மாறிப் போய் வரிசையே சிரித்தது. மேடம் சிரித்து அந்தக் கூடம் பார்த்ததே இல்லை.

"இருபத்தொரு நிமிஷம் இருக்கு" என்றார் சூப்பர்வைசர், கடிகாரத்தைப் பார்த்து.

அதற்கப்புறம் நடந்ததைச் சும்மா சொல்லக் கூடாது, பார்க்க வேண்டும். மேடம் உட்காரவில்லை. தபால்காரர் படிகளைக் கட்டினார், மேடம் கைப்பிடிச் சுவரைக் கட்டினார், நான்கு கைகளும் ஒன்றோடொன்று இடிக்காமல் ஓடின. "கடைசி ட்ரேல வலது ஓரம்", "சாம்பல், ரெண்டு குமிழ்", "அது இல்ல, அதுக்குப் பக்கத்துல" என்று மேடம் சொல்லச் சொல்ல, பயில்வான் அந்த மூங்கில் விரல்களால் ஒவ்வொரு கல்லையும் முட்டையைப் போல் எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது கல்லுக்கப்புறம் அவரே நிறத்தைச் சொல்லி நீட்ட ஆரம்பித்துவிட்டார். படிக்கட்டு எழுந்தது. மாடிகள் அமர்ந்தன. வயர் கொக்கியில் மாட்டியது. கூரையை வைத்துத் தபால்காரர் பட்டனை அழுத்தினார். கடிதம் பிரிக்கிற அறையில் மஞ்சளாக விளக்கு எரிந்தது.

ட்ரேக்கள் பத்தும் காலி. ஒரு கல் மிச்சமில்லை. மேடம் ஒவ்வொரு ட்ரேயையும் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

பெட்டி மறுபடி பெல்ட்டில் போனது. திரையில் புள்ளி இல்லை. தபால்காரர் உறையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கிளம்பும்போது குனிந்து, ரொம்பத் தாழ்ந்த குரலில், "வீட்ல எத்தனை மேடம்?" என்று கேட்டார்.

"நூத்தி நாப்பத்து மூணு" என்றார் மேடம், அதைவிடத் தாழ்ந்த குரலில்.

பயில்வான் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் ஓட, தபால்காரர் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். கதவு மூடுவதற்கு நான்கு நிமிடம் முன்பாகப் போய்ச் சேர்ந்ததாகப் பயில்வான் மூச்சு வாங்க வந்து சொன்னார்.

மேடம் திரைக்குத் திரும்பினார்.  யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுவே வதையாக இருந்தது. தேநீர் இடைவேளையில் அவர் உள்ளே போனதும் பேச்சு நின்றது. பயில்வான் காகிதக் கோப்பைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தவர், அவரைக் கண்டதும் சட்டென்று கலைத்துவிட்டார். போச்சு என்று நினைத்துக்கொண்டார் மேடம். இருபத்தொரு வருடம் கட்டிக் காத்த மரியாதை இருபத்தொரு நிமிடத்தில் போச்சு. இருந்தும், அந்த மஞ்சள் விளக்கு எரிந்ததை நினைத்தால் மனசு குதிக்கிறதே, அதை என்ன செய்வது?

ஒன்றரை மணிக்குச் சூப்பர்வைசர் அறைக்கு வரச் சொன்னார். மேசை மேல் ஒரு படிவம் இருந்தது. கதவு சரியாகச் சாத்தவில்லை. வெளியே பயில்வானின் பெரிய காலணி தெரிந்தது, பக்கத்தில் இன்னும் மூன்று ஜோடி.

"உட்காருங்க. விமானக் கம்பெனி மேசையிலிருந்து போன் வந்துது. அந்தத் தபால்காரர் அவங்களுக்குப் போன் போட்டு, நம்மகிட்டச் சொல்லச் சொன்னாராம். ஒரு கல்லு விழலயாம். அஞ்சு பேர்ல இவரோடதைத்தான் எடுத்துக்கிட்டாங்களாம். அடுத்த வருஷம் கடைக்கு வருதாம்."

மேடம் முகத்தைக் கறாராக வைத்துக்கொள்ளப் பார்த்தார். முகம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கண் நிறைந்து, வாய் காதுவரை போய், கைக்குட்டையைத் தேடும்படி ஆகிவிட்டது. சூப்பர்வைசர் ஜன்னல் பக்கம் திரும்பி, அவர் மூக்கைச் சிந்தி முடிக்கும் வரை காத்திருந்தார்.

"பையைத் திறந்து பிரிச்சோம்னா அறிக்கை எழுதணும், உங்களுக்குத் தெரியும்" என்றார் பிறகு. "எல்லாம் எழுதிட்டேன். ஒரு கட்டம் பாக்கி. பிரித்துப் பார்த்தவருக்கு இந்தப் பொருளைப் பற்றி எப்படித் தெரியும்னு கேட்டிருக்கு. மேல ஆபீஸ்ல நாலு பேர் படிப்பாங்க. அக்கா பையன் விளையாடுறதைப் பார்த்துக் கத்துக்கிட்டாங்கன்னு போட்டுடவா? அதோட முடிஞ்சுடும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். தலையை ஆட்டினால் போதும். மேடத்துக்கு அக்கா பையன் ஒருவன் இருக்கவும் இருந்தான். கல்லைக் கண்டால் மூக்கில் போட்டுக்கொள்வான். அவன் பேரில் இதை எழுதுவதா? காலையில் அந்த ஏழாவது படியைத் தூக்கிய கை யாருடையது?

"வேண்டாம் சார்" என்றார். "நானே கட்டுவேன்னு எழுதுங்க. பதினோரு வருஷமா கட்டுறேன். வீட்ல நூத்தி நாப்பத்து மூணு செட் இருக்கு. நேத்து ஒண்ணு வந்திருக்கு, அதையும் சேர்த்தா நூத்தி நாப்பத்து நாலு. எனக்காக வாங்குறேன், எனக்காகக் கட்டுறேன்."

கதவுக்கு வெளியே காலணிகள் அசையவில்லை. யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். கடைசியில் வந்த 'எனக்காக' என்பதையும் எழுதினார். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். மூடிய பேனாவை மறுபடி திறந்து, மறுபடி மூடினார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். இப்போது அவர் குரல்தான் தாழ்ந்திருந்தது. "எனக்கு வர்ற மாசம் ஐம்பத்தெட்டு முடியுது. கடையில அந்தப் பெட்டியெல்லாம் பார்ப்பேன். மேல வயசு போட்டிருக்கும், நான் கிட்டப் போய்ப் படிச்சதில்ல. எந்த வயசுலேருந்து எந்த வயசு வரைக்கும்னு போட்டிருப்பாங்க?"

"எந்த வயசுலேருந்துன்னு மட்டும்தான் சார் போட்டிருப்பாங்க" என்றார் மேடம். "எது வரைக்கும்னு போடுறதில்ல."